பாறைக்குப் போகாதீங்க, வாசல்லயே பேசுங்க

செல்போன் கம்பெனியில் வேலை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்து நம் இலைக்கு மேல் நீட்டுவார். "எங்க தெருவுல சிக்னலே இல்லம்மா, கொஞ்சம் பாரு." ஏதோ நான்தான் சிக்னலைக் கைப்பையில் பூட்டி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி! மொட்டை மாடியின் மூலையில் நின்று, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, "ஹலோ, கேக்குதா?" என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் உங்களில் எத்தனை பேர்? நீங்களும் நம்ம கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பேர் எஸ்தர். வீடு சித்தூரில், ஆபீஸ் திருப்பதியில், வேலை குப்பம் வரைக்கும் போகிற ரோடுகளில். சமீபத்தில் எங்கள் தலையில் ஒரு புது வேலை விழுந்தது. தரையில் நிற்கிற டவரும் வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டும் போன் அழைப்புகளைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டவர் எட்டாத இடத்தில் சாட்டிலைட் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் சோதனை. நன்றாக நடந்தால் தொடரும், புகார் வந்தால் இழுத்து மூடிவிடுவார்கள். எந்த அழைப்பு எப்போது கீழே, எப்போது மேலே என்று பார்த்துச் சரிசெய்வது என் பாடு.

நாலு போன்

இந்த வேலைக்கு முதலில் ரோடு ரோடாகச் சுற்றிச் சிக்னல் அளக்க வேண்டும். காரின் பின் சீட்டில் நான், மடியில் லேப்டாப், எதிரே பலகையில் ஒட்டிவைத்த நாலு போன். அவை தானாக ஒன்றையொன்று கூப்பிடும், தானாக எடுக்கும், தானாக வைக்கும். நான் வாயே திறக்கக் கூடாது, திறந்தால் பதிவு கெட்டுவிடும். வண்டி ஓட்டுகிற முனிரத்னம் பேசாமல் இருக்க முடியாத மனிதர். அவருக்காகவே பை நிறைய வேர்க்கடலை வாங்கி வைத்திருப்பேன்.

குப்பம் ரோட்டில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி ஒன்றரை மணி நேரம் அளந்துகொண்டிருந்தேன். போன்கள் மாறி மாறி அடிக்கின்றன, நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். கடைக்கார அம்மா மூன்று தரம் எட்டிப் பார்த்தார். நாலாவது தரம் நான் கேட்காமலே ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டினார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நாலு போன் அடிச்சிக்கினே கீது, ஒண்ணைக்கூட எடுக்க மாட்டேன்றியே கண்ணு. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கோ, வீட்டுக்காரர் பாவம்."

பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்

சித்தூரில் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை விருந்து. நைனா சும்மா இருந்திருக்கலாம். "எங்க எஸ்தர் இப்போ சாட்டிலைட்டுல வேலை பாக்குறா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பிரியாணித் தட்டோடு என்னைச் சுற்றி ஒரு வட்டமே கூடிவிட்டது. விளக்கம் வேண்டுமாம்.

நான் சொன்னேன்: "டவர்ங்கறது பஸ். எல்லாரும் ஏறலாம். பஸ்ஸே வராத ஊருக்கு ஒரே ஒரு ஷேர் ஆட்டோ விட்டிருக்கோம், அதுதான் சாட்டிலைட். எட்டு பேர்தான் உக்கார முடியும். பஸ் வர்ற ஊர்க்காரங்களும் ஓடிவந்து ஆட்டோவுல தொத்திக்கினா, நிஜமாவே வண்டி இல்லாதவன் ரோட்டுலதான் நிக்கணும். அதனால கொஞ்சம் பஸ் கிடைச்சாலும் பஸ்லயே போன்னு போனுக்கு உத்தரவு. பஸ் சுத்தமா இல்லைன்னாதான் ஆட்டோ."

எல்லாரும் தலையாட்டினார்கள். காணிக்கைத் தட்டு எடுக்கிற டேவிட் பெரியப்பா மட்டும் எலும்பைக் கடித்தபடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "மேல பேசறதுக்கு நமக்குத்தான் ஏற்கெனவே லைன் கீதேம்மா. அது என்னிக்காவது பிஸின்னு வந்துகீதா?"

வாயைக் கொடுத்தேன்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது மேல்மிட்டாவில். ஊர்ப் பேரை மாற்றித்தான் சொல்கிறேன். சாந்திபுரம் தாண்டி, மலையடிவாரத்தில், முப்பது நாற்பது வீடுகள். டவர் கிடையாது. அங்கே ஆஷா அம்மாவாக, அதாவது அரசாங்கச் சுகாதாரப் பணியாளராக இருப்பவர் காந்தம்மா. ஊரில் கர்ப்பமாக இருக்கிறவர்களைக் கணக்கெடுத்து, மாத்திரை கொடுத்து, வலி வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கிற வரைக்கும் அவர் பொறுப்பு. கூப்பிடுவதற்குத்தான் வழியில்லை. முன்பு ஒருத்திக்கு டிராக்டரில் போகும்போதே குழந்தை பிறந்துவிட்டதாம். இரண்டும் பிழைத்தது கடவுள் செயல் என்றார்.

இப்போது அவர் மகள் சுமதிக்கே ஏழாம் மாதம். கட்டிக்கொடுத்தது நாயுடுபேட்டையில். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று மகளுக்கு ஆசை, அம்மாவுக்கும் ஆசை. ஆனால் சம்பந்தி வீட்டில், "போனே போகாத ஊருக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது" என்கிறார்கள். அதில் தப்பு சொல்ல முடியுமா? காந்தம்மா என்னிடம் கேட்டார்: "மேடம், உங்க சாட்டிலைட்ட நம்பி எம் பொண்ண கூட்டினு வரலாமா?" நான் அவர் வீட்டு வாசலில், வானம் தெரிகிற இடத்தில் நின்று ஒரு போன் போட்டேன். மணி மாதிரிக் கணீரென்று போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கூட்டினு வாங்க. போன் போகும். நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

வண்டி சாந்திபுரம் திரும்புகிற வரை முனிரத்னம் கடலையைத் தொடவே இல்லை. அப்புறம் சொன்னார்: "மேடம், சித்தூரு டவர் படுத்துக்கினா அதுக்கே நீங்க பொறுப்பு இல்லன்னு சொல்றீங்க. ஆகாசத்துக்கு எப்படி மேடம் பொறுப்பு ஏத்துக்கினீங்க?"

போன்பண்ட

சுமதி வந்து இறங்கிய வாரமே புகார்கள் வர ஆரம்பித்தன. "சாட்டிலைட் வேலை செய்யவில்லை." "பேசும்போதே கட் ஆகிறது." எல்லாம் மேல்மிட்டாவிலிருந்து. சென்னையிலிருக்கிற எங்கள் பெரிய சார், "இப்படியே போனா மூணு மாசம் முடிஞ்சதும் மூடிடலாம் எஸ்தர்" என்று அமைதியாகச் சொன்னார். அவர் கத்தினால்கூடப் பரவாயில்லை, அமைதியாகச் சொன்னால் செய்துவிடுவார். பெண்ணை வரச் சொன்னவள் நான்தானே?

ஓடினேன். ஊரில் ஆளே இல்லை. ஊருக்குப் பின்னால் கால் மணி நேரம் ஏறினால் ஒரு பெரிய பாறை. அங்கே பாறையைத் தெலுங்கில் 'பண்ட' என்பார்கள், இதற்குப் பேர் போன்பண்ட. ஊரே அதன் மேல் நிற்கிறது! சாந்திபுரம் டவரின் சிக்னல் ஒரே ஒரு கோடு அந்த உச்சியில் மட்டும் கிடைக்குமாம். அதற்காக வருஷக்கணக்கில் ஏறி ஏறிப் பழகியவர்கள், சாட்டிலைட் வந்த பிறகும் அங்கேயே ஏறிப் பேசுகிறார்கள். ஒருவர் கிழக்கே பார்த்து நிற்கிறார், ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவரவருக்கு அவரவர் இடம். கோளாறு அங்கேதான். அந்த ஒரு கோடு இருக்கிற வரை, பஸ் இருக்கிறதே என்று போன் மேலே போகாது. பஸ்ஸோ பாதி வழியில் நின்று நின்று போகிற பஸ். ஊர் முழுக்க சாட்டிலைட் அருமையாகக் கிடைக்கிறது, கிடைக்காத ஒரே இடத்தைத் தேடிப் போய் நின்றுகொண்டு கிடைக்கவில்லை என்று புகார் எழுதுகிறார்கள்!

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "அவங்கவங்க வீட்டு வாசல்லயே பேசலாமே, இவ்ளோ உயரம் எதுக்கு ஏறணும்?" என்று கத்தியே விட்டேன். கைத்தடியோடு நின்ற பெரியவர் ஒருவர் போனைக் காதிலிருந்து எடுத்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாசல்லயே கிடைக்குமா? அப்போ இத்தன வருஷம் ஏறித் தேஞ்ச என் முட்டிக்கு யாரும்மா பதில் சொல்றது?"

சும்மா கிடந்த சங்கு

மக்களைத் திருத்துவதைவிட நம்பரைத் திருத்துவது சுலபம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு இது. ஒரு கோடு சிக்னலை 'இல்லை' என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி ஒரு எண்ணைக் கொஞ்சம் மாற்றினால், பாறையில் நிற்கிற போனும் மேலே போய்விடும். சாந்திபுரம் டவர் ஒன்றுக்கு மட்டும் மாற்ற வேண்டும். நான் அவசரத்தில் பட்டியலில் இருந்த எல்லா டவருக்கும் மாற்றிவிட்டேன். திருப்பதி உள்பட.

சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரம். திருப்பதிப் பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் திரும்புகிறார்கள். பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவர்கள், பஸ் ஏறினதும் வீட்டுக்குப் போன் போடுகிறவர்கள். தரையில் சுமாராகக் கிடைத்துக்கொண்டிருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டன. சாட்டிலைட் திணறிப் போயிற்று. கண்டுபிடித்துத் திருப்பி வைக்கப் பதினெட்டு நிமிஷம். அந்தப் பதினெட்டு நிமிஷம் மேல்மிட்டாவில் யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்காது. சுமதிக்கு அப்போது வலி வந்திருந்தால் என்ற நினைப்பில் கீபோர்டில் எழுத்து மாறி மாறி விழுந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

இனிமேல் எந்த நம்பரையும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது, அது பிற்பாடு. நடுவில், பன்னிரண்டாவது நிமிஷத்தில், பெரிய சார் போனில் சொன்னதை மறக்கவே மாட்டேன். அன்றைக்கும் அவர் கத்தவில்லை. "எஸ்தர், திருப்பதியே வானத்துல ஏறி நிக்குது. யாரும் விழாம மெதுவா இறக்கி விடு."

பாறையில் எழுதினது

நம்பரைத் தொடக்கூடாது என்றால் பாறையைத்தான் தொட வேண்டும். சாந்திபுரத்தில் சுண்ணாம்பும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு ஏறினோம். முனிரத்னம் ஒருகாலத்தில் சுவர் விளம்பரம் எழுதினவர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி: 'இங்கே பேசாதீர்கள், வீட்டு வாசலில் பேசுங்கள்.' செல்போன் கம்பெனி காசு கொடுத்து, பேசாதே என்று எழுதி வைத்த ஒரே இடம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

மறுவாரம் போனால், ஊர் அந்த எழுத்தின் மேலேயே சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். "படிச்ச பொண்ணுதானே நீ? எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியல?" அவள் போனை மார்போடு சேர்த்து மூடிக்கொண்டு, கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னாள்: "தெரியுது மேடம். ஆனா வாசல்ல நின்னு பேசினா எங்க அத்த கேட்டுக்கினே இருப்பாங்க. எங்கம்மாகிட்ட நான் பேசறதே அவங்களப் பத்திதான?"

அன்றைக்கு

அந்தப் பெண் சொன்னதில் எனக்கு ஞானம் பிறந்தது. பாறை வெறும் சிக்னலுக்கு மட்டும் இல்லை. சரி, ஒழியட்டும் என்று ஒப்பந்தத்துக்கு வந்தேன்: ஊர்க் கதை பாறையில் பேசுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது மட்டும் வாசலில். இதைக் காந்தம்மாவே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வானம் நன்றாகத் தெரிகிற இடத்தைக் காட்டி, சுண்ணாம்பில் ஒரு வட்டமும் போட்டார். புகார் மட்டும் குறையவில்லை. சோதனையின் மூன்று மாதக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சுமதிக்குத் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை பதினொரு மணி. திருப்பதி ஆபீசில் என் திரையில், மேல்மிட்டாவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. சிவப்பு என்றால் அவசர அழைப்பு, சாட்டிலைட் வழியாக. யார், எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று மட்டும் தெரியும். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. அறுபடவில்லை. நான் காந்தம்மாவைக் கூப்பிட்டேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. அந்தக் குரலை எத்தனையோ பேர் திட்டிக் கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் நானே திட்டினேன். மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். வாசலில் நின்றால் கிடைக்க வேண்டுமே, ஏன் கிடைக்கவில்லை? அவர் எங்கே நிற்கிறார்? பைபிள் சங்கீதத்தில் எனக்குத் தெரிந்த வசனமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். முனிரத்னம் எதிரே உட்கார்ந்து, கடலையை உடைத்து உடைத்து எனக்கு முன்னால் குவித்துக்கொண்டே இருந்தார், தான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

இரண்டேகால் மணிக்குப் போன் அடித்தது. காந்தம்மா. குப்பம் ஆஸ்பத்திரியிலிருந்து, டவர் வழியாக, நாலு கோடு சிக்னலில். "மேடம், பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க." அப்பாடா! மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகவே இல்லை. ஆபீஸ் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். முனிரத்னம் குவித்த கடலை முழுவதையும் இரண்டே வாயில் போட்டுக்கொண்டார்.

நாலு நாள் கழித்துப் பெரிய சாரிடம் அந்த அவசர அழைப்பின் விவரம் போயிற்று. அன்றைக்குப் புகார்ப் பட்டியலைத் திறந்து பார்த்தவர், அத்தனை புகாரும் ஒரே பாறையிலிருந்து வந்ததைக் கவனித்து, "பாறையைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடு, சோதனை தொடரட்டும்" என்றார். இதெல்லாம் பிறகு. அன்றைக்கு மத்தியானம் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காந்தம்மாவிடம் சொன்னேன்: "நல்ல வேளை, பதறாம வாசல்ல நின்னு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீங்க."

காந்தம்மா சொன்னார்: "நான் எங்க மேடம் கூப்ட்டேன்? வலின்னு அவ கத்தினதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்புறம் ஓடிச்சி பாருங்க காலு, நேரா பண்டைக்கு! ஊருக்கெல்லாம் போகாத போகாதன்னு சொன்னவ நானு. பக்கத்து வீட்டு நாகம்மாவ அவகிட்ட உட்டுட்டு ஏறிட்டேன். மேல நின்னுக்கினு ஹலோங்கறேன், கட் ஆவுது. ஹலோங்கறேன், கட் ஆவுது. நான் அழுதுக்கினே கீழ பாக்கறேன், ஆம்புலன்ஸு நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்குது! சுமதியேதான் மேடம், வட்டத்துக்குள்ள உக்காந்துக்கினு, அவளே போன் போட்டு, அவளே வழி சொல்லி, வர வெச்சிட்டா. நான் எறங்கி ஓடி வந்தா, 'எங்கம்மா போன நீ, வண்டி உனக்காகக் காத்துக்கினு கீது'ன்னு என்னையே திட்டறா!"

ஆக, கீழே டவருக்கு இவ்வளவு, மேலே சாட்டிலைட்டுக்கு இவ்வளவு என்று மூன்று மாதம் நான் பங்கு பிரித்ததில், என் பேச்சை ஒழுங்காகக் கேட்டது, பாறை ஏற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்த ஒரு நிறைமாசக்காரி மட்டும்தான்.